ஃபார்மட் பண்ணிடலாம், சார்!

உங்கள் வீட்டு ஃபேன் சுற்றாவிட்டால் என்ன செய்வீர்கள்? முதலில் கரன்ட் இருக்கிறதா என்று பார்ப்பீர்கள். அடுத்து ஸ்விட்ச், அப்புறம் ரெகுலேட்டர். அதற்கும் அப்புறம்தான் எலெக்ட்ரீஷியனுக்கு போன். யாரும் எடுத்த எடுப்பில் வீட்டை இடித்துக் கட்டுவதில்லை.

கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் நாம் தினமும் வீட்டை இடித்துக்கொண்டிருக்கிறோம். அதற்கு வைத்திருக்கிற பெயர் ஃபார்மட்.

காரைக்காலில் என் சித்தி மகன் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறான். ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம். பத்து வருஷத்துப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றுதான் மூலதனம். 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 இவன் பெட்டியில் ஏறாது. பாகம் போதாதாம். நன்றாக ஓடுகிற மெஷினைத் தூக்கிப் போட மனசில்லாமல், தெரிந்த கல்லூரிப் பையன் ஒருவனை வைத்து லினக்ஸ் போட்டுக்கொண்டான். காசு கிடையாது. பழைய பெட்டி புதுசு மாதிரி ஓடியது.

இரண்டு மாதம் கழித்துத் திரை கறுக்க ஆரம்பித்தது. திடீரென்று கறுக்கும், இரண்டு செகண்டில் திரும்பி வரும். சில சமயம் ஒரு நிமிஷம் ஆகும்.

ஒருநாள் மதியம். ஒரு பெண் சென்டாக் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருக்கிறாள். புதுச்சேரி யூனியன் பிரதேசத்துப் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கதவே அதுதான். பக்கத்தில் அம்மா, மடியில் சான்றிதழ்கள் அடங்கிய மஞ்சள் பை. முக்கால் மணி நேர வேலை முடியும் தறுவாயில் திரை கறுத்தது. நம்ம ஆள் பதறிப்போய் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து மெஷினையே அணைத்துவிட்டான். நிரப்பியது அத்தனையும் போச்சு. அந்தப் பெண் அழுதுவிட்டாள். கடைசித் தேதிக்கு இன்னும் நாலு நாள் இருந்ததால் தப்பித்தாள்.

கொடுமை என்னவென்றால், கறுத்தது திரை மட்டும்தான். உள்ளே கம்ப்யூட்டர் உயிரோடு இருந்தது, விண்ணப்பமும் அப்படியே இருந்தது. கொன்றது இவனுடைய பதற்றம்.

வைத்தியர்கள் வரிசையாக வந்தார்கள். முதல் ஆள் சொன்னார்: “லினக்ஸ் போட்டா இப்படித்தாண்ணே ஆகும். ஐந்நூறு ரூபா குடுங்க, ஃபார்மட் பண்ணி விண்டோஸ் போட்டுத் தரேன்.” இரண்டாவது ஆள், “மானிட்டர் அவுட்டு, புதுசு வாங்கிடுங்க” என்றார். மூன்றாமவர் கிராஃபிக்ஸ் கார்டு என்றார். மூன்று டாக்டர், மூன்று வியாதி. ஒருவர்கூட நாடி பிடிக்கவில்லை.

ஐந்நூறு ரூபாய்க்கு எந்த விண்டோஸ்? அதை யாரும் கேட்பதில்லை. மாங்கனித் திருவிழா கொண்டாடுகிற ஊர் இது. இரண்டாவது மாம்பழத்தின் ருசி வேறாக இருந்ததும், ‘இது எங்கிருந்து வந்தது?’ என்று பரமதத்தன் கேட்டான். அந்தக் கேள்வி இல்லாவிட்டால் புனிதவதியின் கதையே வேறு. நாம் திருட்டு விண்டோஸை வாங்கி, வாய் துடைத்துக்கொண்டு போகிறோம்.

லினக்ஸ் போட்டுக் கொடுத்த பையனுக்கு போன் செய்தோம். “அது உங்க ஹார்டுவேர் பிரச்னை அங்கிள். டாக்குமென்ட் படிச்சுப் பாருங்க” என்று வைத்துவிட்டான். டாக்குமென்ட் ஆங்கிலத்தில் இருக்கிறது. படிக்க வேண்டியவன் ஜெராக்ஸ் மெஷினில் பேப்பர் சிக்கி நிற்கிறான்.

“எனக்கு ஏழரை நடக்குதுண்ணே, திருநள்ளாறு போயிட்டு வந்துடறேன்” என்றான் தம்பி. காரைக்காலில் இருப்பதில் அது ஒரு வசதி. ஐந்து கிலோமீட்டர்தான்.

கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டது அவனுடைய மகள், பிளஸ் ஒன் படிக்கிறவள். “அது எப்பப்ப கறுக்குதுப்பா?”

நூறு பக்க நோட்டு ஒன்றில் ஒரு வாரம் குறித்தாள். தேதி, நேரம், அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது, இவ்வளவுதான். காலையில் கறுப்பதில்லை. மதியம் நிறைய. கரன்ட் போய் யு.பி.எஸ்.ஸில் ஓடும்போது ஒரு தடவைகூட இல்லை. “வோல்டேஜ்தான், சந்தேகமே இல்லை” என்று தீர்ப்பு சொல்லிவிட்டேன் நான். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். “பெரியப்பா, யு.பி.எஸ்.ல டேபிள் ஃபேனும் ஓடாது.”

புழுக்கம் ஏறியதும் மதியம் போடுகிற ஃபேன். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையாட்டும். மேஜைப் பக்கம் திரும்பும்போது, பின்னால் தொங்குகிற மானிட்டர் கேபிள் லேசாக ஆடும். கேபிளைப் பிடுங்கிப் பார்த்தால் முனையில் பச்சை பூத்திருந்தது. கடல் பக்கத்தில் இருக்கிற ஊர், உப்புக் காற்று சும்மா விடுமா? இருநூறு ரூபாய்க்கு புதுக் கேபிள் வாங்கி, மேஜைக் காலோடு சணல் கயிற்றால் கட்டினாள். அதற்கப்புறம் திரை கறுக்கவில்லை.

விஷயம் இதுதான். ஹெச்.டி.எம்.ஐ. கேபிள் முனையில் 19 ஊசிகள். அதில் 19-வது ஊசியின் வேலை, ‘மானிட்டர் இங்கே இருக்கிறது’ என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது. அந்தத் தொடர்பு ஒரு கணம் விட்டுப்போனால், மானிட்டரைக் கழற்றிவிட்டார்கள் என்று நினைத்துக் கம்ப்யூட்டர் படத்தை நிறுத்திக்கொள்ளும். மறுபடி தொட்டால் புதிதாகக் கண்டுபிடித்துப் படம் காட்டும். விண்டோஸ் இருந்தாலும் இதே கதிதான்.

லினக்ஸில் ‘ஜர்னல்-சிடிஎல்’ என்று ஒரு கட்டளை. மெஷினின் நாட்குறிப்பைத் திறந்து காட்டும். அதில், மானிட்டரை மறுபடி மறுபடி புதிதாகக் கண்டுபிடித்த வரிகள், மணி நிமிஷம் செகண்டோடு. பெண்ணின் நோட்டோடு அப்படியே பொருந்தியது. கொலைப்பழி சுமந்தவன்தான் கண்ணால் கண்ட சாட்சி. அந்தச் சாட்சியைத்தான் ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு அழிக்கப் பார்த்தார்கள். ஃபார்மட் என்றால் தடயத்தையும் சேர்த்துக் கழுவிவிடுவது என்று அர்த்தம்.

*

லினக்ஸுக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. லினக்ஸிலேயே திரை கறுக்கிற கேஸ்களும் உண்டு. சில இன்டெல் லேப்டாப்களில், பாட்டரியை மிச்சம் பிடிக்கத் திரையே தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று மக்கர் செய்து கறுக்கும். அந்த வசதியை அணைத்தால் சரியாகும். கிராஃபிக்ஸ் டிரைவர் தகராறு இன்னும் பிரபலம். கார்டு செய்கிற கம்பெனி உள்விவரத்தைச் சொல்லாவிட்டால், டிரைவர் எழுதுகிற தன்னார்வலர் இருட்டறையில் ஊசிக்கு நூல் கோக்க வேண்டும். 2012-ல் பின்லாந்துக் கூட்டம் ஒன்றில், லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸ், என்விடியா கம்பெனியை நோக்கி கேமரா முன் நடுவிரலைக் காட்டினார். நாகரிகம் இல்லைதான். ஆனால் அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. பத்து வருஷம் கழித்து 2022 மே மாதம்தான் என்விடியா தன் டிரைவரில் ஒரு பகுதியின் மூல நிரலைத் திறந்துவிட்டது.

உங்கள் திரை கறுத்தால் என்ன செய்வது? வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: பவர் பட்டனில் கை வைக்காதீர்கள். கேப்ஸ் லாக் கீயைத் தட்டுங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் மெஷின் உயிரோடு இருக்கிறது.

இரண்டு: மானிட்டர் விளக்கைப் பாருங்கள். சுத்தமாக அணைந்திருந்தால் மின்சாரக் கோளாறு. நிறம் மாறியோ கண்சிமிட்டியோ இருந்தால் பெரும்பாலும் சிக்னல் வரவில்லை. வழக்கம்போல் எரிந்தால் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் போனது உள்விளக்கு.

மூன்று: லினக்ஸ் என்றால் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்-3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எழுத்துத் திரை வந்தால் மானிட்டரும் கேபிளும் நலம். டிரைவர் பக்கமோ டெஸ்க்டாப் பக்கமோ சந்தேகத்தைத் திருப்பலாம்.

நான்கு: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதலில் கேபிள், பிறகு மானிட்டர். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினால் சரியாகலாம், ஆனால் எது கெட்டது என்று கடைசிவரை தெரியாது.

ஐந்து: நேரத்தைக் குறியுங்கள். தொடாமல் விட்டு, சரியாகப் பத்து நிமிஷத்தில் கறுத்தால் அது வியாதியே இல்லை. திரையை ஓய்வுக்கு அனுப்புகிற செட்டிங். ஏ.சி. ரூமில் உயரம் மாற்றும் கேஸ் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும்போது திரை ஒரு கணம் கறுப்பதுகூட நிஜமான கேஸ்தான். நாற்காலி கிளப்புகிற மின்காந்த அதிர்வைக் கேபிள் பிடித்துக்கொள்கிறது. ‘காரணமில்லாமல் கறுக்குது சார்’ என்பதற்கு, நாம் இன்னும் குறித்து வைக்கவில்லை என்று அர்த்தம்.

*

ஒரு கேபிளுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்பீர்கள். இது கேபிள் விவகாரம் இல்லை சார்.

தமிழ்நாட்டு அரசின் எல்காட், 2000-களின் பிற்பாதியில் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். தலைமையில் இருந்தபோது, தன் கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்கு மாற்றியது. சென்னை சி-டாக் ‘பாஸ்’ என்ற இந்திய லினக்ஸை உருவாக்கியது. 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தின் ஆரம்ப ஆண்டுகளில் விண்டோஸோடு பாஸையும் சேர்த்தே கொடுத்தார்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அந்த லேப்டாப் வாங்கியவர் இருந்தால் கேட்டுப் பாருங்கள், பாஸை எத்தனை நாள் திறந்தார் என்று. பண்டத்தைக் கொடுத்தோம். அது மக்கர் செய்தால் என்ன செய்வதென்று சொல்லித்தரவில்லை.

கேரளா வேறு மாதிரி செய்தது. பள்ளிக்கூடங்களை லினக்ஸுக்கு மாற்றியதோடு நிற்காமல் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. 2018-ல் ‘லிட்டில் கைட்ஸ்’ என்று பள்ளிதோறும் மாணவர் மன்றம் அமைத்து, பிள்ளைகள் கையிலேயே கம்ப்யூட்டர் பராமரிப்பைப் பழக்கியது. நம் காரைக்காலோடு ஒரே யூனியன் பிரதேசத்தில் இருக்கிற மாஹே, கேரளாவின் மடியில்தான் இருக்கிறது. அங்கிருந்து எட்டிப் பார்த்தாலே போதும். காரைக்காலில் என்.ஐ.டி. இருக்கிறது, பாலிடெக்னிக் இருக்கிறது. அந்த மாணவர்கள் மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஊர்க் கடைகளுக்கு வந்து, தமிழில், பதவிசாக, ‘எப்ப கறுக்குது?’ என்று கேட்டால் என்ன குறைந்துபோகும்? சனிக்கிழமைக்குப் பேர்போன வட்டாரம்தானே!

லினக்ஸ் ஆர்வலர்களுக்கு ஒரு வார்த்தை. மூல நிரல் திறந்திருக்கிறது என்று மார் தட்டுகிறீர்கள், சந்தோஷம். கதவைத் திறந்து வைத்துவிட்டு, வாசற்படியை மட்டும் ஆளுயரத்துக்குக் கட்டினால் யார் ஏறுவார்கள்?

நமக்கும் ஒரு வார்த்தை. பழுதுக்குக் காரணம் கேட்காத வாடிக்கையாளர் இருக்கிறவரை, காரணம் தேடாத மெக்கானிக் பிழைப்பார். அடுத்த தடவை யாராவது “ஃபார்மட் பண்ணிடலாம் சார்” என்றால், “ஏன்?” என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் இல்லையென்றால் பெட்டியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்து, முதலில் ஒரு நூறு பக்க நோட்டு வாங்குங்கள்.

அந்த நோட்டில் இன்னும் தொண்ணூறு பக்கம் பாக்கி இருக்கிறதாம். இப்போது மகள் அதில் ஜெராக்ஸ் மெஷின் சிக்குகிற நேரத்தைக் குறித்துக்கொண்டிருக்கிறாள்.