உரிமம் கையில், இருக்கை எங்கே? இளம் விமானிகள் கடக்க வேண்டிய இடைவெளி

யீஷூன், செங்காங் வட்டாரவாசிகளுக்குச் சிலேத்தார் விமான நிலையத்திலிருந்து எழும்பும் சிறு விமானங்கள் பழகிப்போன காட்சி. அவற்றில் சிலவற்றை ஓட்டுபவர்கள் தொடக்கக் கல்லூரியிலும் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் படிக்கும் பிள்ளைகள். கார் ஓட்டும் உரிமம் பெறும் முன்பே விமானம் ஓட்டும் உரிமம் பெற்றுவிடுகிறவர்களும் அவர்களில் உண்டு.

அதன்பின் வீட்டில் எழும் கேள்வி, இதையே தொழிலாக்கிக்கொள்ளலாமா என்பது. பிள்ளையை ஆஸ்திரேலியாவுக்கோ அமெரிக்காவுக்கோ அனுப்பலாமா என்று இங்குள்ள பெற்றோர் கணக்குப் போடுகிறார்கள். தமிழ்நாட்டில் இருக்கும் மகனின் பயிற்சிக்காக இங்கிருந்து பணம் அனுப்புவோரும் இருக்கிறார்கள். தேக்கா காப்பிக்கடைப் பேச்சில் இந்தக் கணக்கு அடிபடும்போது, “உலகம் முழுக்க விமானிகளுக்குப் பற்றாக்குறையாமே” என்ற வாசகமும் தவறாமல் வந்து சேர்கிறது.

அது பொய்யில்லை. அடுத்த 20 ஆண்டுகளில் உலகுக்கு ஏறத்தாழ 660,000 புதிய விமானிகள் தேவைப்படுவர் என்று போயிங் நிறுவனம் 2025ல் முன்னுரைத்தது. ஆனால், உரிமம் பெற்றுவிட்டு வேலைக்காகக் காத்திருக்கும் இளையரும் இதே உலகில்தான் இருக்கிறார்கள். இந்த முரண்பாட்டைப் புரிந்துகொள்ளாமல் பணம் கட்டும் குடும்பங்கள்தான் சிக்கிக்கொள்கின்றன.

யாருக்குப் பற்றாக்குறை?

2025 டிசம்பர் தொடக்கத்தில் இந்தியாவின் இண்டிகோ நிறுவனம் சில நாள்களுக்குள் ஆயிரக்கணக்கான விமானச் சேவைகளை ரத்துசெய்தது. விமானிகளுக்குக் கூடுதல் ஓய்வும் குறைவான இரவுநேரத் தரையிறக்கங்களும் வேண்டும் என்ற புதிய விதிமுறைகளுக்கு ஏற்ப, போதிய விமானிகளுடன் பணி அட்டவணை தயாராக இல்லாதது அதற்கு முக்கியக் காரணம். அந்த நெருக்கடியில் தேவைப்பட்டவர்கள் உடனே விமானத்தில் ஏறிப் பணியாற்றக்கூடிய, பழகிய விமானிகள். நேற்று உரிமம் பெற்ற ஒருவரால் அந்த இடத்தை நிரப்ப முடியாது.

சிங்கப்பூரில் இதன் மறுபக்கம் தெரிந்தது. ஜெட்ஸ்டார் ஏஷியா 2025 ஜூலை 31ஆம் தேதி சேவையை நிறுத்தியபோது 500க்கும் மேற்பட்ட ஊழியர்கள் பாதிக்கப்பட்டனர். அதன் விமானிகள் ஏர்பஸ் ஏ320 ஓட்டிப் பழகியவர்கள். அத்தகையோர் வேலை தேடி வரும்போது, அதே வேலைக்கு விண்ணப்பிக்கும் அனுபவமில்லாத இளையர் வரிசையில் பின்னுக்குத் தள்ளப்படுகின்றனர்.

40, 200, 1,500

விமானியின் தகுதி மணிக்கணக்கில் அளக்கப்படுகிறது. அனைத்துலக சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் பொது விதிப்படி, தனியார் விமானி உரிமத்துக்கு 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். சம்பளத்துக்கு விமானம் ஓட்ட வகைசெய்யும் வர்த்தக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம். அங்கீகரிக்கப்பட்ட முழுநேரப் பயிற்சி என்றால் 150. பயணிகள் விமானத்தின் தலைமை விமானியாவதற்கான உயர்நிலை உரிமத்துக்கு 1,500 மணி நேரம்.

200க்கும் 1,500க்கும் இடையிலான தூரம்தான் பிரச்சினை. அனுபவம் இல்லாமல் வேலை கிடைப்பதில்லை. வேலை இல்லாமல் அனுபவம் சேர்வதில்லை.

இதற்கிடையே உரிமத்தையும் உயிரோடு வைத்திருக்க வேண்டும். மருத்துவச் சோதனை, திறன் சோதனை என்று காலந்தோறும் செலவு வரும். பறக்காமல் இருந்தால் கைப்பழக்கமும் குறையும். வேலையில்லாமல் கழியும் ஒவ்வோர் ஆண்டும் கடனுக்கு வட்டி ஏறும் ஆண்டாகவும் ஆகிவிடுகிறது.

அனுபவம் சேர்க்கும் வழிகள்

பரந்த நிலப்பரப்பு உள்ள நாடுகளில் இந்தத் தூரத்தைக் கடக்கப் பல படிகள் இருக்கின்றன. மிகவும் பழகிய வழி, பயிற்றுநராவது. மாணவருக்குக் கற்றுத்தரும் நேரமும் பயிற்றுநரின் கணக்கில் சேரும், சம்பளமும் உண்டு. கற்றுக்கொடுக்கும்போது அவருடைய சொந்த அறிவும் கூர்மையடையும்.

ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் தொலைதூரக் குடியிருப்புகளுக்குச் சிறு விமானத்தில் ஆள்களையும் சரக்கையும் கொண்டுசெல்வது, வான்குடை வீரர்களை உயரத்துக்கு ஏற்றிச் செல்வது, நிலஅளவைக்காகப் பறப்பது போன்றவையும் இளம் விமானிகளுக்கான வேலைகள். நமக்கு அருகில் இந்தோனீசியாவின் சூசி ஏர் நிறுவனத்தில் செஸ்னா விமானங்களை ஓட்டிப் பழகிய வெளிநாட்டு இளையர் பலர்.

இவை சொகுசான வேலைகள் அல்ல. குறுகிய ஓடுபாதை, மலை, திடீர் மழை என்று ஆபத்துகள் உண்டு. 2023 பிப்ரவரியில் பாப்புவா வட்டாரத்தில் சூசி ஏர் விமானத்தைத் தரையிறக்கிய நியூசிலாந்து விமானியைப் பிரிவினைவாதிகள் பிடித்துச் சென்றனர். 2024 செப்டம்பரில்தான் அவர் விடுவிக்கப்பட்டார்.

இத்தகைய வேலைகளுக்கு அந்தந்த நாட்டில் வேலை செய்யும் அனுமதி வேண்டும் என்பதும் முக்கியம். மாணவர் விசாவில் போய்ப் படித்தவர், உரிமம் பெற்ற மறுநாளே அங்கு பயிற்றுநராகிவிட முடியாது. நாடு திரும்பினாலும் வெளிநாட்டு உரிமத்தை உள்நாட்டு உரிமமாக மாற்றத் தேர்வு எழுத வேண்டியிருக்கும்.

விமான நிறுவனத்துக்கு விமானியே பணம் கொடுத்து, பயணிகள் விமானத்தில் துணை விமானியாகப் பறந்து மணிக்கணக்கைச் சேர்க்கும் முறையும் சில நாடுகளில் தலைகாட்டியிருக்கிறது. சம்பளம் வாங்க வேண்டியவர் பணம் கட்டி வேலை செய்யும் இம்முறையை விமானிகள் சங்கங்கள் நெடுங்காலமாக எதிர்த்து வருகின்றன.

எண்ணிக்கை மட்டும் போதுமா?

அமெரிக்காவில் 2009 பிப்ரவரியில் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் மாண்டனர். அதையடுத்து, 2013 முதல் அந்நாட்டுப் பயணிகள் விமானங்களில் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரம் கட்டாயமாக்கப்பட்டது. ஆனால், விபத்துக்குள்ளான விமானத்தை ஓட்டிய இருவருமே 1,500 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர்கள். ஐரோப்பாவிலோ ஏறத்தாழ 200 மணி நேர அனுபவத்துடன் துணை விமானியாகச் சேருவோர் இருக்கிறார்கள். எத்தனை மணி நேரம் என்பதா, எப்படிப்பட்ட பயிற்சி என்பதா என்ற விவாதம் இன்னமும் ஓயவில்லை.

எண்ணை மட்டும் துரத்துவது ஏமாற்றுவேலைக்கும் வழிவிடுகிறது. பறக்காத நேரத்தைப் பதிவேட்டில் எழுதிக்கொள்வதை விமானிகள் கேலியாக “பார்க்கர் பேனா நேரம்” என்பார்கள். போலிப் பதிவுகள் தொடர்பில் 2011ல் இந்தியாவில் கைது நடவடிக்கைகள் இடம்பெற்றன. அப்படிச் சேர்த்த எண் வேலை வாங்கித் தரலாம். மோசமான வானிலையில் கைகொடுக்காது.

சிங்கப்பூரில் திறந்திருக்கும் வாசல்கள்

வர்த்தக உரிமம் பெற 540 கிலோமீட்டருக்குக் குறையாத நெடுந்தூரப் பயணம் ஒன்றை முடித்திருக்க வேண்டும். இது சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்கு உள்ள வான்தூரத்தைவிட அதிகம். சிறு விமானம் கால்மணி நேரத்தில் கடந்துவிடும் தீவில் அது நடக்காது. பயிற்றுநர் வேலைகளும் சிறு விமான வேலைகளும் இங்கு மிகக் குறைவு.

எனவே சிங்கப்பூரில் மூன்று வாசல்களே முக்கியமானவை. முதலாவது, 1971ல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர் இளையர் விமானமோட்டும் மன்றம். தற்காப்பு அமைச்சின் ஆதரவு பெற்ற இம்மன்றத்தில் மாணவர்கள் குறைந்த செலவில் தனியார் உரிமம் வரை போகலாம். இத்தொழில் பிள்ளைக்கு ஒத்துவருமா என்பதைப் பெரும்பணம் செலவாகும் முன்பே அங்கு தெரிந்துகொள்ள முடியும்.

இரண்டாவது, ஆகாயப் படை. பயிற்சியை அரசாங்கமே தருகிறது. பதிலுக்குப் பல ஆண்டுகள் பணியாற்ற வேண்டும். மூன்றாவது, விமான நிறுவனங்களின் பயிற்சி விமானித் திட்டங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தேர்ந்தெடுக்கும் இளையருக்குப் பயிற்சியும் உதவித்தொகையும் கிடைக்கின்றன. பணி ஒப்பந்தம் உண்டு. தேர்வு கடினம் என்றாலும், 200க்கும் 1,500க்கும் இடையிலான தூரத்தை நிறுவனத்தின் விமானத்திலேயே சம்பளத்துடன் கடக்கலாம்.

இந்த வழியும் காலத்தின் கையில்தான் இருக்கிறது. கொவிட்-19 தொற்றுக்காலத்தில், 2020 செப்டம்பரில், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமமே ஏறத்தாழ 4,300 பணியிடங்களைக் குறைத்தது.

பணம் கட்டுமுன்

சொந்தப் பணத்தில் வெளிநாட்டில் பயிற்சி பெறச் செலவு லட்சம் வெள்ளியைத் தாண்டக்கூடும். குறிப்பிட்ட விமான வகைக்கான பயிற்சியைத் தானே மேற்கொள்ள வேண்டியிருந்தால் மேலும் பல்லாயிரம் வெள்ளி ஆகும். வீட்டை நம்பியோ ஓய்வுக்காலச் சேமிப்பை நம்பியோ அதில் இறங்குமுன் பெற்றோர் சிலவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது.

உரிமம் எந்த நாட்டு ஆணையத்தால் வழங்கப்படும்? கடந்த இரண்டு ஆண்டுகளில் அங்கு பயிற்சி முடித்தவர்களில் எத்தனை பேர் விமானிகளாக வேலை பார்க்கிறார்கள்? “வேலை உறுதி” என்பது விளம்பர வாசகமா, விமான நிறுவனம் கையெழுத்திட்ட ஒப்பந்தமா? பயிற்சிப் பள்ளி மூடப்பட்டால் முன்பணம் என்னவாகும்? முதல்நிலை மருத்துவச் சான்றிதழை முதலிலேயே பெற்றாகிவிட்டதா? உரிமம் பெற்றபின் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வேலையின்றி இருந்தாலும் கடனைச் சமாளிக்க முடியுமா?

கடைசிக் கேள்விக்கு ‘முடியாது’ என்பது பதிலானால், பட்டயப் படிப்பை முடித்து வேறொரு வேலையைக் கையில் வைத்துக்கொண்டு பயிற்சி விமானித் திட்டங்களுக்கு மீண்டும் மீண்டும் விண்ணப்பிப்பதே பாதுகாப்பான வழி. அதில் சில ஆண்டுகள் தாமதமாகலாம். ஆனால் குடும்பத்தின் வீடு கடனில் சிக்காது.