எழாத கணினியை எறிந்துவிடலாமா?

சென்ற மார்கழியில் ஓரிரவு எங்கள் வீட்டிலே துக்க வீட்டின் அமைதி குடிகொண்டது. காரணத்தைக் கேட்டால் தோழர்கள் சிரிப்பீர்கள். எங்கள் மடிக்கணினி எழவில்லை! அப்டேட் எனப்படும் புதுப்பித்தலை முடித்து, தன்னைத் தானே அணைத்து மீண்டும் எழவேண்டிய பொறி, கறுப்புத் திரையிலே வெள்ளை எழுத்துகளில் சில வரிகளைக் கக்கிவிட்டு அப்படியே நின்றுவிட்டது.

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், அந்தப் பொறியின் கதையையும் கேட்டுவிட்டுச் சிரிக்கட்டும். 2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்கீழ், 2015-இல் பிளஸ் டூ படித்த என் அக்காள் பெற்று வந்தது அது. அக்காள் கல்லூரி வாசலை மிதிக்கவில்லை. அப்பாவின் கூலி அதற்கு இடம் தரவில்லை. எங்கள் குடும்பத்தில் பட்டப்படிப்பு என்று படியேறிய முதல் ஆள் நான்தான். படிப்பு நின்ற அக்காள் பொறியை நிறுத்தி வைக்கவில்லை. எங்கள் அம்மா தலைவியாக இருக்கும் மகளிர் சுயஉதவிக் குழுவின் வரவு செலவு முழுவதையும் அதிலே ஏற்றினாள். அவள் திருமணமாகிப் போனபின் கணக்கு என் கைக்கு வந்தது. பதினான்கு பெண்கள், யார் எத்தனை தவணை கட்டினார், யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அதற்குள்ளே. நோட்டிலும் எழுதுவது அக்காளின் வழக்கம். ஏழு மாதமாக நான் எழுதவில்லை. ‘கம்ப்யூட்டரில்தான் இருக்கிறதே’ என்ற மேதாவித்தனம்!

“கணக்குப் போச்சுன்னா நாளைக்கு அவுங்க மொகத்துல நான் எப்படிப்பா முழிப்பேன்?” என்று அம்மா கேட்டாள். பதினைந்து ஆண்டுகளாகச் சேர்த்த நம்பிக்கை. அந்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

மறுநாள் கடைத்தெருவில் பழுது பார்க்கும் ஒருவரிடம் எடுத்துப் போனேன். அரை நிமிடம் பார்த்தார். “பழைய செட்டு தம்பி. மதர்போர்டு போயிருக்கும். இல்லேன்னா ஃபார்மட் அடிச்சுப் பாக்கலாம், உள்ள இருக்கறது போயிரும். ஆயிரத்தைந்நூறு ஆவும். எதுக்கு? மேல கொஞ்சம் போட்டு செகண்ட்ஸ்ல ஒண்ணு எடுத்துக்க” என்றார்.

அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. அவருக்குக் கடை வாடகை உண்டு. ஒரு பொறியின் முன் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து நோய் தேடினால் அந்த நேரத்திற்குக் கூலி தருபவர் யார்? ஃபார்மட் அடித்தால் அரை நாளில் கைகழுவலாம். அவருடைய கணக்கு சரியான கணக்கே. அதை நாமும் அறிவியல் முடிவாக எடுத்துக்கொண்டு தலையாட்டுகிறோமே, அதைத்தான் நான் மறுக்கிறேன். அதிலும் அறிவியல் படிக்கும் மாணவர்கள்!

நம் இயற்பியல் ஆய்வகத்தில் இரண்டு கட்டப் பெருக்கி கட்டுகிறோம். வெளியீடு வரவில்லை என்றால் என்ன செய்கிறோம்? மொத்தத்தையும் பிய்த்து எறிகிறோமா? உள்ளீட்டில் குறிப்பலை இருக்கிறதா, முதற் கட்டத்திற்குப் பிறகு இருக்கிறதா, இரண்டாவதில் எங்கே செத்தது என்று அலைநோக்கியை வைத்துப் படிப்படியாகப் பார்க்கிறோம். கணினி எழுவதும் இப்படிப்பட்ட ஒரு தொடரோட்டமே. மின்சாரம் வந்ததும் பலகையில் பதிந்துள்ள பயாஸ் விழித்து, நினைவகத்தையும் விசைப்பலகையையும் சோதிக்கிறது. அது வட்டிலுள்ள கிரப் என்னும் ஏற்றியை எழுப்புகிறது. ஏற்றி, கெர்னல் என்னும் கருவையும், அதற்குக் கட்டுச்சோறுபோல உடன் வரும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு மூட்டையையும் நினைவகத்தில் இறக்குகிறது. வட்டைத் திறக்கத் தேவையான கருவிகள் அந்த மூட்டைக்குள் இருக்கின்றன. கரு அவற்றைக் கொண்டு வட்டைத் திறந்து, மற்றவற்றை எழுப்பிவிடுகிறது. ஒருவர் கைக்கோலை அடுத்தவர் வாங்க வேண்டும்.

என் திரையில் எழுத்து இருந்தது. எழுத்து இருந்தால் பயாஸ் விழித்திருக்கிறது, ஏற்றி ஓடியிருக்கிறது, கருவே ஓடத் தொடங்கிவிட்டது. அப்படியிருக்க மதர்போர்டு போய்விட்டது என்பது எப்படி? கடையிலிருந்து திரும்பும் பேருந்தில்தான் இந்தக் கேள்வி உறைத்தது. வீட்டுக்கு வந்ததும் திரையின் கடைசி வரிகளை எழுத்துக்கு எழுத்து நோட்டில் எழுதினேன். கெர்னல் பேனிக், அதாவது கரு கலங்கி நின்றது; வேர்க் கோப்பமைப்பை ஏற்ற முடியவில்லை; அறியாத் தொகுதி, சுழியம் கமா சுழியம். இந்தச் சுழியங்களைக் கைப்பேசியில் தேடியபோது பொருள் விளங்கிற்று. கரு வந்திருக்கிறது, கட்டுச்சோற்று மூட்டை வரவில்லை.

ஏன் வரவில்லை? இங்கேதான் நான் தலைகுனிய வேண்டும். முந்திய ஆண்டு ஒரு சீனியர் அண்ணன் இதிலே லினக்ஸ் போட்டுத் தந்தபோது, எழுவதற்கான கோப்புகளுக்கென 250 எம்.பி. அளவில் தனி அறை ஒதுக்கியிருந்தார். ஒவ்வொரு புதுப்பித்தலிலும் புதிய கரு வரும். பழையது ஆபத்துக்கு உதவ உள்ளேயே இருக்கும். மூன்றாவது வந்தபோது அறை நிரம்பிவிட்டது. மூட்டை கட்டும் வேலை பாதியில் நின்றது. இடமில்லை என்று பொறி அப்போதே எச்சரித்தது. படிக்காமல் மூடிவிட்டேன். கடைக்காரரும் திரையைப் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை. யார் யாரைக் குறை சொல்வது?

மருந்து எளிது. பொறியை முடுக்கியவுடன் ஷிப்ட் விசையை அழுத்திப் பிடித்தால் ஏற்றியின் பட்டியல் தோன்றுகிறது. யூஇஎஃப்ஐ வகைப் பொறிகளில் எஸ்கேப் விசை. அதிலே மேம்பட்ட தெரிவுகளுக்குள் போய் முந்திய கருவைத் தேர்ந்தேன். எழுந்துவிட்டது! அம்மாவைக் கூப்பிட்டேன், அடுப்பிலிருந்து ஓடி வந்தாள். முதல் வேலையாகக் கணக்கைப் பென்டிரைவில் படியெடுத்தேன். பிறகு மிகப் பழைய கருவை நீக்கி, புதியதற்கு மூட்டையை மறுபடி கட்டச் செய்து, ஏற்றியின் பட்டியலைப் புதுப்பித்தேன். செலவு ஒன்றுமில்லை, போன பேருந்துக் கட்டணத்தைத் தவிர.

இப்படி எழாமலே போயிருந்தாலும் கணக்கு போயிருக்காது. பென்டிரைவிலிருந்தே இயங்கும் லினக்ஸ் ஒன்றைக் கொண்டு பொறியை எழுப்பி, வட்டிலுள்ளதை வெளியே எடுத்திருக்கலாம். எழவில்லை என்பது வேறு, உள்ளிருப்பது அழிந்தது என்பது வேறு. ஃபார்மட் என்ற சொல்லைக் கேட்டவுடன் தலையாட்டும் என் வகுப்புத் தோழர்களுக்கு இந்த ஒன்றையாவது மனத்திலே பதிக்க விரும்புகிறேன்.

“இனிமே அந்த அப்டேட்டே வேணாம்” என்பது அம்மாவின் தீர்ப்பு. விடுதி நண்பர்கள் பலரும் இந்தக் கட்சிதான். எனக்கு உடன்பாடில்லை. புதுப்பித்தல் பெரும்பாலும் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளை அடைக்க வருவது. பதினான்கு பேர் பணக்கணக்கை ஓட்டைப் பெட்டியில் வைப்பேனா? படியெடுத்துவிட்டு, மின்னேற்றியைச் செருகிவிட்டு, இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்கிறேன்.

பழைய பொறிகளைப் புதுமை கைவிடுவதும் உண்மையே. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. அடுத்ததான 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது. லினக்ஸும் ஒன்றும் துறவியன்று. 1991-இல், ஹெல்சிங்கியில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 21 வயதில் அதைத் தொடங்கியது 386 சில்லு பூட்டிய பொறியில். அந்த 386-க்கான ஆதரவையே 2012-இல் நீக்கிவிட்டார்கள். ஆனால் கைவிடப்பட்ட பொறி வேறு, கால் இடறி விழுந்த பொறி வேறு. எங்களுடையது இடறி விழுந்தது. பரிசோதிக்காமல் இரண்டையும் ஒரே பாடையில் ஏற்றுவதுதான் கொடுமை.

நமது கல்லூரியிலும் ஆய்வகத்தை ஒட்டிய அறையில் பழைய கணினிகள் துணி போர்த்தி அடுக்கப்பட்டுள்ளன. அவற்றில் எத்தனை இறந்தவை, எத்தனை இடறியவை? கழிவாக அனுப்புவதற்கு முன் ஒரு பருவம் அவற்றை எங்களிடம் தாருங்கள் என்று பேராசிரியப் பெருமக்களைப் பணிவுடன் கேட்கிறேன். சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணி நேரம் போதும். தேறாதவற்றைப் பிரித்து நினைவகத்தையும் வட்டையும் தேறுபவற்றுக்கு மாற்றலாம். வீட்டில் கணினியே இல்லாத மாணவர் என் வகுப்பிலேயே பாதிக்குமேல். கெட்டுவிடுமோ என்ற அச்சமின்றித் திறந்து பார்க்க அவர்களுக்கு வேறு எங்கே பொறி கிடைக்கும்?

அம்மா இன்னும் பொறியை முழுதாக நம்பவில்லை. விட்டுப்போன ஏழு மாதக் கணக்கையும் நோட்டில் எழுதியே தீரவேண்டும் என்று சொல்லிவிட்டாள். ஞாயிறுதோறும் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆவணி வரை வந்தாயிற்று.