கரடிக்குக் காவல் சரி, குடியானவனுக்கு?

அமெரிக்கா தேசத்தில் மான்டானா, வயோமிங், ஐடஹோ என்னும் மாகாணங்களில் ஆடு மாடு வளர்த்துப் பிழைக்கும் குடியானவர்களுக்கும், கிரிஸ்லி என்னும் பெருங்கரடிகளைக் காக்க ஏற்பட்ட சட்டத்திற்கும் வெகுகாலமாக வழக்கு நடந்து வருகிறது. இரு கட்சியாரும் கூச்சல் போடுகிறார்களே ஒழிய, காரண காரியத்தை யோசிப்பவர்கள் சிலரே என்பது நமது அபிப்பிராயம்.

வெள்ளையர் குடியேறுமுன் அந்த மேற்குப் பிரதேசத்தில் சுமார் 50,000 கிரிஸ்லிகள் இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். துப்பாக்கியும் பொறியும் விஷமும் சேர்ந்து, அலாஸ்கா நீங்கலாக, அவற்றைச் சில நூறாக்கிவிட்டன. 1975-ல் சட்டப் பாதுகாப்பு வந்த பிறகு இன்று சுமார் 2,000 ஆகியிருக்கின்றன. ஆகவே சட்டம் பயன்படவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் அந்தப் பயனுக்குக் கிரயம் கொடுத்தவன் யார்? மனித உயிரைக் காக்கக் கரடியைச் சுடலாம், மாட்டைக் காக்கச் சொந்தக்காரன் சுடக்கூடாது என்று விதி செய்தார்கள். மான்டானா சர்க்கார் நஷ்ட ஈடு கொடுக்கிறது என்பது வாஸ்தவமே. ஆனால் அதற்கு ருஜு வேண்டும். காட்டுக்குள் இழுத்துப் போன கன்றுக்கு எங்கே போய் ருஜு தேடுவது? பட்டணத்தில் உட்கார்ந்து ஜீவகாருண்யம் பேசுபவன் ஒருவன், அதற்கு வரி கட்டுபவன் வேறொருவன் என்றால், இது எந்த ஊர் நியாயம் என்று கேட்கிறோம்.

"எல்லாவற்றையும் சுட்டுத் தள்ளு" என்பவர்களையும் கேட்கிறோம். கரடி பிறவியிலேயே துஷ்டனா? அதற்கு யார்மீதும் பகையில்லை; இருப்பதெல்லாம் பசியும் மூக்கும்தான். எல்லோஸ்டோன் பூங்காவில் பல வருஷங்கள் குப்பைமேட்டில் கரடிகளைத் தின்னவிட்டு மனிதர்கள் வேடிக்கை பார்த்தார்கள். 1970-ஐ ஒட்டி அம்மேடுகளை மூடியதும், எச்சில் சோற்றில் பழகிய கரடிகள் கூடாரங்களைத் தேடி வந்தன, பல கொல்லப்பட்டன. பழக்கிக் கெடுத்தவன் மனிதன், தண்டனை கரடிக்கு!

இதற்குப் பரிகாரம் இல்லையா? உண்டு. அதே மான்டானாவில் பிளாக்ஃபுட் பள்ளத்தாக்குக் குடியானவர்கள் ஒன்றுகூடி, செத்த மாடுகளை வண்டியில் ஏற்றி அப்புறப்படுத்தவும், தேன்பெட்டிகளுக்கும் கன்று ஈனும் பட்டிகளுக்கும் மின்சார வேலி போடவும் ஏற்பாடு செய்தார்கள். தொல்லை வெகுவாகக் குறைந்தது. காட்டில் நடப்பவர்கள் மிளகாய்க் காரத்தைப் பீச்சும் குப்பியை இடுப்பில் வைத்துக்கொள்கிறார்கள். நம் வீட்டு அடுப்படிச் சரக்கு அங்கே உயிர் காக்கிறது!

ஆனால் பெரிய மனிதர்களின் சண்டையெல்லாம் பட்டியலைப் பற்றியே நடக்கிறது. எல்லோஸ்டோன் கரடிகளை 2007-ல் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். 2009-ல் கோர்ட்டு சேர்த்தது. 2017-ல் மறுபடி நீக்கினார்கள். 2018-ல் கோர்ட்டு மறுபடி சேர்த்தது. 2025 ஜனவரியில், நீக்க வேண்டும் என்ற மாகாணங்களின் மனுவை மத்திய இலாகா தள்ளிவிட்டது. இத்தனை வழக்கிலும் வக்கீல்கள் பிழைத்தார்களே தவிர, வேலிக்கு ஒரு கம்பமாவது முளைத்ததா?

சட்டம் மனிதன் செய்தது. கணக்கைப் பார்த்துத் திருத்தவேண்டியது. கரடி தேசத்தின் பொதுச் சொத்து என்றால் வேலிச் செலவும், குப்பைத் தொட்டிச் செலவும், முழு நஷ்ட ஈடும் பொதுப் பணத்திலிருந்தே வரவேண்டும். அதைக் கொடுக்க மனமில்லாதவர்களுக்குக் கரடியின் பேரால் கண்ணீர் விட யோக்கியதை இல்லை. கொடுத்த பிறகும் செத்த மாட்டை வயலில் போட்டுவிட்டுக் கரடியைத் திட்டுகிற குடியானவனுக்கும் முறையிட யோக்கியதை இல்லை என்றே சொல்லுவோம்.