கஞ்சா ஆய்வில் அளவீடும் வேண்டும்
கஞ்சா மாதிரிகளின் ஆய்வறிக்கை 15 நாளில் நீதிமன்றம் வந்தாக வேண்டும் என்ற 2022 டிசம்பர் மத்திய விதி ஏட்டளவில் நின்றுவிடக் கூடாது. ஆந்திரத்திலிருந்து வரும் சரக்கு வேதாரண்யம், அதிராம்பட்டினம் கடற்கரைகள் வழியே இலங்கைக்குக் கடத்தப்படுவது டெல்டா மாவட்டங்களுக்குப் புதிதல்ல. கடும் நடவடிக்கை தேவை என்பதில் நமக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனால், அந்தக் கடுமை துல்லியமான ஆய்வின் மீது நிற்க வேண்டும். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி பூக்கும், காய்க்கும் நுனிகளே கஞ்சா. நுனியோடு சேராத இலையும் விதையும் அதில் அடங்கா. 1 கிலோவுக்குள் இருந்தால் ஓராண்டு வரை சிறை. 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தது 10 ஆண்டு. எல்லாம் எடையால் தீர்கிறது; போதை தரும் டெட்ராஹைட்ரோகன்னாபினால் எவ்வளவு என்பது கணக்கில் வருவதில்லை. ஈரத்தோடு பிடிபடும் பொட்டலமோ உலர உலர எடை குறையும். கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கே 17 சதவீத ஈரப்பத வரம்பு வைத்து அளக்கிறோம். ஒருவரின் பத்தாண்டைத் தீர்மானிக்கும் மூட்டைக்கு அந்த அக்கறை வேண்டாமா? நுண்ணோக்கியும் டுக்கெனாய்-லெவின் நிறச் சோதனையும் பொருளை அடையாளம் காட்டும், வீரியத்தைச் சொல்லா. அதற்கு நிறப்பிரிகைக் கருவியும் பயிற்சி பெற்ற வேதியியலாளரும் வேண்டும். இந்த அளவறி ஆய்வுக்கு அந்த 2022 விதிகளே மேலும் 15 நாள் அவகாசம் தருகின்றன. தஞ்சாவூர் வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகம் இந்த அவகாசத்துக்குள் வீரியத்தையும் அளந்து தருவதற்கான கருவிகளையும் பணியிடங்களையும் தமிழக அரசு உறுதிசெய்ய வேண்டும். மாஜிஸ்திரேட் முன்னிலையில் மாதிரி எடுக்கும்போதே நுனி, இலை, விதை ஆகியவற்றின் விகிதமும் ஈரப்பதமும் பதிவாக வேண்டும்.