அப்பா காலத்து 'கேம்ஸ்' தப்பிக்குமா?

கம்ப்யூட்டரில் ஏதாவது டைப் செய்துவிட்டு 'சேவ்' செய்கிறீர்களே, அந்தப் பொத்தானில் பல இடங்களில் சின்னதாய் ஒரு சதுரப் படம் இருக்கும். கவனித்திருக்கிறீர்களா? அது என்னவென்று அப்பாவிடமோ, அம்மாவிடமோ கேட்டுப் பாருங்கள். ''அட, பிளாப்பி!'' என்று முகம் மலர்வார்கள்.

உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் உறைக்குள், காந்தப் பூச்சு பூசிய மெல்லிய வட்டத் தகடு. அதுதான் பிளாப்பி டிஸ்க். மூன்றரை அங்குல பிளாப்பியில் 1.44 மெகாபைட்தான் கொள்ளும். இப்போது செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவே பெரும்பாலும் அதில் அடங்காது! ஆனால், 1980களிலும் 90களிலும் முழு கம்ப்யூட்டர் கேமையே ஒன்றிரண்டு பிளாப்பிகளில் அடைத்து விற்றார்கள். சோனி நிறுவனம் 2011ல் பிளாப்பி விற்பனையை நிறுத்திவிட்டது.

அந்தப் பழைய கேம்களை இன்றைய கம்ப்யூட்டரில் ஓட்ட முடியுமா? சும்மா போட்டால் ஓடாது. மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14ல் நிறுத்தியது நினைவிருக்கலாம். அதில் 32 பிட், 64 பிட் என்று இரண்டு வகை உண்டு. 32 பிட் வகையில் மட்டும் பழைய 16 பிட் புரோகிராம்களுக்குக் கொஞ்சம் இடம் கொடுத்திருந்தார்கள். விண்டோஸ் 11ல் 64 பிட் வகை மட்டும்தான். பழைய கேம்களுக்கு இருந்த பின்வாசலும் இப்படித்தான் மூடிக்கொண்டது.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. 1981ல் வந்த ஐ.பி.எம். பர்சனல் கம்ப்யூட்டரின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அதாவது, விநாடிக்கு 47 லட்சத்து 70 ஆயிரம் துடிப்புகள். இன்றைய கம்ப்யூட்டர்கள் 300 கோடியைச் சாதாரணமாய்த் தாண்டுகின்றன. அந்தக் கால கேம்கள் சில, கம்ப்யூட்டரின் வேகத்தை வைத்தே நேரத்தைக் கணக்கிட்டன. அவற்றை இன்றைய வேகத்தில் ஓடவிட்டால் என்ன ஆகும்? நீங்கள் விரலைத் தூக்குவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும்!

இதற்கு மருந்துதான் 'எமுலேட்டர்' என்ற சாப்ட்வேர். மிமிக்ரி கலைஞர் தன் குரலை மாற்றி இன்னொருவர் போலப் பேசுகிறார் அல்லவா? அது போல, உங்கள் புதுக் கம்ப்யூட்டர் ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டராக நடிக்கும். பழைய சவுண்டு கார்டு, பழைய திரை, பழைய ஆமை வேகம் எல்லாவற்றையும் அப்படியே செய்து காட்டும். பாவம், கேம் ஏமாந்து ஓடத் தொடங்கிவிடும். 2002ல் வெளிவந்த 'டாஸ்பாக்ஸ்' இதில் பெயர் பெற்றது. அதுவும் இலவசம்.

எமுலேட்டர் இருந்தால் போதுமா? பிளாப்பியில் உள்ளது முதலில் வெளியே வர வேண்டுமே! அங்கேதான் சிக்கல்.

'பிரின்ஸ் ஆப் பெர்சியா' என்று ஒரு கேம். 1989ல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக அமெரிக்காவின் ஜோர்டான் மெக்னர் எழுதியது. ஒரு மணி நேரத்துக்குள் இளவரசியை மீட்க வேண்டும். தம்பி டேவிட்டை ஓடவும் தாவவும் விட்டு வீடியோ எடுத்து, அதைப் பார்த்துத்தான் நாயகனின் அசைவுகளை வரைந்தார். இத்தனை பாடுபட்டு எழுதியவர், அந்தக் கேமின் மூலப் புரோகிராமைத் தொலைத்துவிட்டார்! 2002லிருந்து தேடித் தேடி ஓய்ந்துபோனார். 2012ல் அவருடைய அப்பா, வீட்டு அலமாரியின் மூலையில் கிடந்த ஒரு பெட்டியைக் கண்டெடுத்து அனுப்பினார். உள்ளே அந்த பிளாப்பிகள்!

இருபது வயது தாண்டிய பிளாப்பியை எடுத்தோம், செருகினோம் என்று செய்துவிட முடியாது. காந்தப் பதிவு மங்கியிருக்கும். ஈரக்காற்றில் பூஞ்சை பிடித்திருந்தால், படிக்கும் கருவியின் முனை பூச்சையே சுரண்டிவிடும். பழைய மென்பொருள்களைக் காப்பாற்றுவதில் பெயர் பெற்ற ஜேசன் ஸ்காட், ஆப்பிள் 2 நிபுணர் டோனி டயஸ் இருவரும் அவர் வீட்டுக்கே வந்து, ஒவ்வொரு பிளாப்பியாகப் படித்து எடுத்தார்கள். அந்தப் புரோகிராமை மெக்னர் இன்டர்நெட்டில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்.

எல்லா பிளாப்பியும் இவ்வளவு சாதுவாக இருக்காது. திருட்டு காப்பி எடுப்பதைத் தடுக்க, சில கம்பெனிகள் வேண்டுமென்றே டிஸ்க்கில் கோளாறான இடங்களை உண்டாக்கி வைத்தன. சாதாரண டிரைவ் அதைக் காப்பி எடுக்கத் திணறும். அதனால் இப்போது 'கிரீஸ்வீசில்' போன்ற குட்டிக் கருவிகள் வந்திருக்கின்றன. இவை எழுத்தைப் படிப்பதில்லை. தகட்டின் காந்த மாற்றங்களையே அப்படியே பதிவு செய்துகொள்கின்றன. பிரின்ஸ் ஆப் பெர்சியாவின் டாஸ் பதிப்பில் வேறு தந்திரம். நடுவில் ஓர் அறையில் எழுத்து போட்ட மருந்துக் குப்பிகள் இருக்கும். கேமுடன் வந்த புத்தகத்தில் இத்தனையாவது பக்கம், இத்தனையாவது சொல் என்று பார்த்து, சரியான எழுத்துள்ள குப்பியைக் குடித்தால்தான் அடுத்த கட்டம். புத்தகம் தொலைந்தால் கதை கந்தல்!

சட்டப் பூட்டு இதைவிடப் பெரியது. 'வீடியோ கேம் ஹிஸ்டரி பவுண்டேஷன்' என்ற அமெரிக்க அமைப்பு 2023 ஜூலையில் ஒரு கணக்கு வெளியிட்டது. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த கேம்களில் 87 சதவீதம் இப்போது கடையில் கிடைப்பதில்லையாம். நூற்றுக்கு பதின்மூன்றுதான் மிச்சம்! சரி, நூலகங்கள் தங்களிடம் உள்ள பழைய கேம்களை, தொலைவில் இருக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கு இன்டர்நெட் வழியே காட்டலாமா என்று அனுமதி கேட்டார்கள். 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. ஆராய்ச்சி என்று சொல்லி ஆட்கள் பொழுதுபோக்காக விளையாடிவிட்டால், பழைய கேம்களை மறுபடி விற்கும் சந்தை கெட்டுவிடும் என்பதுதான் எதிர்ப்பாளர்களின் வாதம்.

அவர்கள் பயத்திலும் கொஞ்சம் நியாயம் உண்டு. போலந்து நாட்டில் 2008ல் தொடங்கிய 'ஜி.ஓ.ஜி.' கடை, பழைய கேம்களை டாஸ்பாக்ஸுடன் சேர்த்துக் கட்டி விற்கிறது. வாங்க ஆளும் இருக்கிறது. ஆனால், யாருமே விற்காத அந்த 87 சதவீதத்துக்குச் சந்தை ஏது? கடையிலும் கிடைக்காது, நூலகத்திலிருந்தும் வராது என்றால் அது எங்கேதான் இருக்கும்? பிளாப்பியோ சட்டம் மாறும் வரை காத்திருக்காது. பூட்டை உடைத்து யாரோ எடுத்து வைத்த திருட்டுக் காப்பி மட்டுமே மிஞ்சிய கேம்களும் உண்டு என்பதுதான் பெரிய கூத்து.

நல்ல சேதி ஒன்றும் வந்திருக்கிறது. மைக்ரோசாப்ட் 2025 நவம்பரில் 'சோர்க்' கேமின் மூன்று பாகங்களின் புரோகிராமையும் எல்லோருக்கும் திறந்துவிட்டது. 1977ல் எம்.ஐ.டி.யைச் சேர்ந்தவர்கள் எழுதத் தொடங்கிய கேம் இது. அவர்கள் கெட்டிக்காரர்கள். பின்னர் அதை விற்க வந்தபோது, எந்த நிஜக் கம்ப்யூட்டருக்காகவும் எழுதாமல், உலகத்திலேயே இல்லாத ஒரு கற்பனைக் கம்ப்யூட்டருக்காக எழுதினார்கள்! ஒவ்வொரு நிஜக் கம்ப்யூட்டரிலும் அந்தக் கற்பனைக் கம்ப்யூட்டராக நடிக்க ஒரு குட்டிப் புரோகிராம் வைத்தால் போதும், கேம் ஓடிவிடும். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் ஓடுகிறது.

'சோர்க்'கில் படமே கிடையாது. எல்லாம் எழுத்துதான். ஒரு வெள்ளை வீட்டின் முன்னால் நிற்பீர்கள். பக்கத்தில் சின்னதாய் ஒரு தபால் பெட்டி. என்ன செய்ய வேண்டும் என்று ஆங்கிலத்தில் நீங்களே டைப் செய்ய வேண்டும். பெரியவர்கள் யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஆடிப் பாருங்கள். முதலில் அந்தத் தபால் பெட்டியைத் திறந்துவிடுங்கள்!