காமதேனு படம் என்ன விலை?

"ஆச்சி, பழைய படம், சட்டம், பித்தளைச் சாமான் ஏதாச்சும் கிடக்கா?"

தெருவில் வரும் பழைய சாமான் வியாபாரி இப்படித்தான் ஆரம்பிப்பார். தென்காசிக்கு அருகே உள்ள அச்சன்புதூரானாலும் சரி, வேறு எந்த ஊரானாலும் சரி, அவருடைய கண் முதலில் போவது சுவருக்குத்தான். அங்கே கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பசு நிற்கிறது. பெண் முகம், இரண்டு இறக்கை, மயில் தோகை. காமதேனு!

"படம் அரிச்சுப் போச்சே ஆச்சி! சட்டத்துக்கு வேணும்னா இருநூறு ரூபா தாரேன்" என்பார்.

கழற்றிக் கொடுத்து விடலாமா? கூடாது. அதே சமயம், "பழைய படமெல்லாம் லட்சக்கணக்கில் போகுதாம்" என்று பேரன் சொல்வதைக் கேட்டு மனக்கோட்டை கட்டவும் கூடாது. இரண்டிலும் ஏமாற்றம்தான் மிச்சம்.

இந்தப் படங்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்து விடும். குற்றால மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துக் கிளிமானூரில் 1848-ல் பிறந்தவர் ரவிவர்மா. 1894-ல் பம்பாயில் அவர் ஓர் அச்சகம் தொடங்கினார். கல்லின் மேல் படத்தை வரைந்து, வர்ணத்துக்கு ஒரு கல்லாக மாற்றி மாற்றி அச்சடித்தார்கள். சமஸ்தானத்து மாளிகைகளில் தொங்கிய லட்சுமியும் சரஸ்வதியும் சாதாரண வீட்டுச் சுவருக்கு வந்தது அப்படித்தான்.

பிறகு அச்சகம் ஷ்லைக்கர் என்ற ஜெர்மானியர் கைக்குப் போயிற்று. 1906-ல் ரவிவர்மா காலமானார். ஆனாலும் அவர் பெயரைத் தாங்கிய அச்சகம் படங்களை விற்றுக்கொண்டே இருந்தது. பசுவின் உடம்பெங்கும் 84 தேவர்கள் வீற்றிருக்கும் படம் ஒன்றும் அங்கே அச்சானதுதான். ஆகவே, ஓரத்தில் "ரவிவர்மா அச்சகம்" என்று இருந்தால் அது அவர் கையால் தீட்டிய ஓவியம் என்று அர்த்தமல்ல. அச்சுப் படம், ஏராளமாக விற்ற சரக்கு. ஆனால், அந்த எழுத்துள்ள ஓரம் வெட்டப்படாமல் இருந்தால் மதிப்பு உண்டு. சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று ஓரத்தைக் கத்தரித்தவர்கள் எத்தனை பேர்!

இன்னொரு வகை நம் பக்கத்துச் சரக்கு. கோவில்பட்டியில் சி. கொண்டையராஜுவும் (1898-1976) அவருடைய சீடர்களும் தீட்டிய படங்கள் சிவகாசியில் காலண்டராக அச்சாயின. வருஷம் முடிந்ததும் கடைப் பெயரைக் கிழித்துவிட்டு, சாமியை மட்டும் கண்ணாடி போட்டு மாட்டினார்கள். "காலண்டர் படம்தானே" என்று இளக்காரமாகப் பேசுகிறவர்களுக்கு ஒரு செய்தி: அமெரிக்காவில் சிரக்யூஸ் பல்கலைக்கழகம் இத்தகைய இந்திய சாமிப் படங்களைச் சேகரித்துப் பத்திரமாக வைத்திருக்கிறது!

மூன்றாவது வகைதான் ஆபத்தானது. நேற்று அச்சடித்த புலி, மான், யானைப் படங்களுக்குத் தேயிலைச் சாயம் ஏற்றிப் பழசாக்கி விற்பது. அழகுக்காக மாட்டலாம், தப்பில்லை. பழம்பொருள் விலை கொடுத்து வாங்குவதுதான் தப்பு. ஒரு பூதக்கண்ணாடி போதும். நிறமெல்லாம் ஒழுங்கான வரிசையில், பூப் பூவாய்ப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது பிற்கால ஆப்செட் அச்சு. கல் அச்சில் புள்ளிகள் மணல் தூவியது போல ஒழுங்கில்லாமல் இருக்கும். காகிதத்தையும் பாருங்கள். வெளிச்சம் பட்ட இடமும், சட்டத்துக்குள் மறைந்திருந்த ஓரமும் ஒரே பழுப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள். காலம் அவ்வளவு சமமாகச் சாயம் பூசுவதில்லை.

பழசே ஆனாலும், விலையைத் தீர்மானிப்பது நிலைமைதான். குற்றாலச் சாரல் நமக்கு ஆனந்தம். சுவரில் தொங்கும் காகிதத்துக்கு எமன். ஈரம் ஏறினால் பூஞ்சை பிடிக்கும். இராமபாணப் பூச்சி தின்னும். பளபளப்பாக்குகிறேன் என்று ஈரத் துணியால் துடைத்தால் எல்லாம் போயிற்று! சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே கொஞ்சம் காற்று போக இடம் விட்டாலே போதும்.

விற்கத்தான் வேண்டுமா? தெருவில் பேரம் பேசாதீர்கள். முன்பக்கமும் பின்பக்கமும் போட்டோ எடுத்து, இரண்டு மூன்று கடைகளில் கேளுங்கள். நூறு வருஷம் தாண்டிய கலைப் பொருள்களுக்கு 1972-ம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பத் தனியாருக்கு அனுமதி இல்லை.

பின்பக்கத்தை அவசியம் பாருங்கள். சில வீடுகளில் அந்தப் பலகையில்தான் தாத்தா பென்சிலால் பிள்ளைகள் பிறந்த நாளையும் நட்சத்திரத்தையும் எழுதி வைத்திருப்பார். வியாபாரி சட்டத்தை விற்பார், கண்ணாடியை விற்பார். பலகை அடுப்புக்குப் போய்விடும்.