காத்துல ஓடுற எஞ்சினும் கைதட்டுற ஊரும்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசித்துவிட்டு ஏசுங்கள்.

மூன்று நாளாக நம்ம ஊர் வாட்ஸ்அப் குழுமங்களில் ஒரு வீடியோ சுற்றுகிறது. ஒரு மாணவன் பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சினைக் கழற்றி, வால்வை மாற்றி, சிலிண்டரில் அடைத்த காற்றால் சுழல வைத்திருக்கிறான். கெட்டிக்காரன். அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. பிஸ்டன் மேலே வந்ததும் காற்றைத் திறக்கவும், கீழே போனதும் வெளியேற்றவும் தானாக யோசித்துச் செய்த பிள்ளையை நான் வகுப்பில் முன்வரிசையில் உட்கார வைப்பேன்.

என் கோபம் அவன் மீதல்ல, அந்த வீடியோவுக்கு "பெற்றோல் இல்லாமல் ஓடும் எஞ்சின், உலகமே வியக்கும் கண்டுபிடிப்பு" என்று தலைப்பு வைத்தவர்கள் மீது. அடுத்த வாரம் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம். ஒருவராவது அவனிடம், "மகன், அந்தக் காற்றை சிலிண்டருக்குள் அடைத்தது எது?" என்று கேட்டீர்களா?

அடைத்தது டயர் கடைக் கொம்பிரசர். அது ஓடியது மின்சாரத்தில். பில் கட்டியது டயர் கடைக்காரர்.

அமுக்கிய காற்று எரிபொருள் அல்ல. வேறெங்கோ செலவழித்த சக்தியைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும் பாத்திரம், அவ்வளவுதான். அந்தப் பாத்திரமும் ஓட்டை. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப் சுடுகிறதே, அந்தச் சூடு நீங்கள் போட்ட சக்தி. அது வெளியே போய்விடுகிறது. திரும்ப விரியும்போது காற்று குளிர்கிறது, அமுக்கம் இன்னும் குறைகிறது. வேகமாக ஓட்டினால் வெளியேறும் துவாரத்தில் ஈரப்பதன் உறைபனியாகப் படியும். கொம்பிரசருக்குப் போட்ட மின்சாரத்தில் கால்வாசி சில்லுக்கு வந்து சேர்ந்தாலே பெரிய விஷயம்.

கணக்கும் போட்டுக் காட்டுகிறேன். 100 லீற்றர் தாங்கியில் 100 பி.எஸ்.ஐ. அமுக்கத்தில் காற்று. ஒரு துளி இழப்பும் இல்லாமல், வெப்பநிலையும் மாறாமல் விரிந்தால் கிடைப்பது ஏறத்தாழ 95 கிலோயூல். ஒரு லீற்றர் பெற்றோலில் ஏறத்தாழ 33,000 கிலோயூல் இருக்கிறது. எஞ்சின் அதில் கால்வாசியைத்தான் வேலையாக மாற்றும் என்று வைத்தாலும் 8,000 வரும். அப்படியானால் ஓட்டோவின் பின்சீட்டை நிரப்பும் அந்தத் தாங்கி, 12 மில்லிலீற்றர் பெற்றோலுக்குச் சமம். மேசைக்கரண்டி கூட நிரம்பாது. சந்தியில் ஏறினால் பள்ளிவாசல் வரைக்கும் வரலாம். திரும்பி வரத் தள்ள வேண்டும்.

"ஃபிரான்ஸில் ஓடியதே சேர்" என்று ஒரு சகோதரர் எழுதியிருந்தார். ஓடியது, உண்மை. நான்ட் நகரில் மெக்கார்ஸ்கி என்பவர் வடிவமைத்த காற்று ட்ராம் 1879 முதல் 1917 வரை ஓடியது. ஆனால் அது ஓசியில் ஓடவில்லை. காற்றை நிலையத்தில் இயந்திரம் வைத்து அமுக்கி நிரப்பினார்கள். விரியும்போது குளிராமலிருக்க, கொதிநீருக்குள் செலுத்திச் சூடாக்கினார்கள். தெருவில் புகை வராது, லாபம் அதுதான். தீப்பொறி ஆபத்தான சுரங்கங்களில் காற்று எஞ்சின் ஓட்டியதும் அதே மாதிரி ஒரு காரணத்துக்காகத்தான். பிறகு ஃபிரான்ஸில் கி நேக்ர் என்ற பொறியியலாளர் காற்றுக் கார் என்றார். 2007இல் டாட்டா மோட்டர்ஸ் கூட ஒப்பந்தம் போட்டது. அந்தக் காரை நம் தெருவில் யாராவது பார்த்தீர்களா?

2022இல் பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்றவர்கள் நாம். அந்த வலி எனக்கும் தெரியும். அதனால்தான் "பெற்றோல் இல்லாமல்" என்று யார் சொன்னாலும் மனம் ஓடிப்போய் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் ஆசை வேறு, அளவை வேறு.

"பொறாமையில் பேசுகிறீர்கள், பிள்ளையின் மனதை உடைக்காதீர்கள்" என்பவர்களுக்கு ஒரு பதில். மனதை உடைப்பவர்கள் நீங்கள்தான். இன்று விஞ்ஞானி என்று தூக்கி வைப்பீர்கள். நாளை வெளியூர் மாணவன் ஒருவன் இதே கணக்கைப் போட்டு அவனைச் சிரிப்புக்கு ஆளாக்குவான். அன்று உங்களில் ஒருவரும் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. வீடியோவை இன்னொரு தடவை பாருங்கள். காற்று நிரப்பியிருப்பது வேல்டிங் பிடித்த பழைய காஸ் சிலிண்டர். அமுக்கமானி இல்லை, பாதுகாப்பு வால்வு இல்லை. அதைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு பிள்ளை சிரிக்கிறான். பெற்றோலோடு ஒப்பிட்டால் அற்பம் என்றேனே, அந்த 95 கிலோயூல்; அது 50 கிலோ சீமெந்து மூட்டையை ஏறத்தாழ 190 மீற்றர் உயரத்துக்குத் தூக்கும் சக்தி. மெதுவாக வந்தால் ஓட்டோ நகராது. ஒரே நொடியில் வந்தால் சிலிண்டர் துண்டு துண்டாகப் பறக்கும். 2021 கடைசியில் நாடெங்கும் அடுப்படிகளில் காஸ் வெடித்ததை மறந்துவிட்டோமா?

இதைப் பார்த்துச் செய்ய நினைக்கும் மற்றப் பிள்ளைகளின் வாப்பா, உம்மாவுக்கும் சொல்கிறேன். பழைய காஸ் சிலிண்டரில் வேல்டிங் பிடிக்க விடாதீர்கள். மிஞ்சிய வாயு பற்றும். பி.வி.சி. குழாயில் காற்று அடைக்க விடாதீர்கள். அது கிழியாது, சிதறும். "ஒட்சிசனும் காற்றுத்தானே" என்று வேல்டிங் கடைச் சிலிண்டரை மாட்ட விடவே விடாதீர்கள். எண்ணெய் பட்ட இடத்தில் அது தீயாகும்.

எஞ்சின் செய்வதை நிறுத்தச் சொல்லவில்லை. பாடசாலையில், ஆசிரியர் முன்னிலையில், ஊசி மருந்துக் குழாயை பிஸ்டனாக்கி சைக்கிள் பம்பால் ஓட்டலாம். அமுக்கம், வெப்பம், சக்திக் காப்பு மூன்றையும் கரும்பலகையில் ஒரு தவணை கத்தினாலும் ஏறாதது, அந்தச் சின்ன எஞ்சினில் ஒரு மணித்தியாலத்தில் ஏறும். எவ்வளவு போட்டோம், எவ்வளவு வந்தது என்று பிள்ளை தானே அளக்கட்டும். அளக்கத் தெரிந்தவன்தான் நாளை கண்டுபிடிப்பான்.

பழைய மாணவர் சங்கத்துக்கும் அபிவிருத்திச் சங்கத்துக்கும் ஒரே வேண்டுகோள்: பொன்னாடைக் காசில் ஓர் அமுக்கமானியும், ஒரு பாதுகாப்பு வால்வும், கராஜில் பரிசோதித்த ஒரு சின்னக் காற்றுத் தாங்கியும் வாங்கி அந்தப் பிள்ளையின் கையில் கொடுங்கள். மேடை வேண்டாம், போட்டோ வேண்டாம்.

அதுவரைக்கும் அந்த வீடியோவை ஃபோர்வார்ட் பண்ணாதீர்கள். அந்தச் சிலிண்டரை இன்றைக்கே காற்றிறக்கி வைக்கச் சொல்லுங்கள். அவனுடைய வீட்டைத் தெரிந்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள்.